கடைசி முப்பது பக்கத்தின் பின்கட்டில்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். வலது பக்கம் ஜெராக்ஸ் மெஷின், தொட்டால் சுடும். இடது பக்கம் பைண்டிங் மேசை, சாய்ந்தால் சட்டையில் பசை ஒட்டும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடம் இருக்கிறதே, அதுதான் வழி. சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். திருவல்லிக்கேணி சந்து ஒன்றில், மேன்ஷன்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஆய்வேட்டுக் கடை இது. முன்பக்கம் என்ன நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். கறுப்பு ரெக்சின் அட்டை, அதில் தங்க எழுத்து, அதை மார்போடு அணைத்து ஒரு போட்டோ, உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நாம் போவது பின்கட்டுக்கு. அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் ஒழுங்காகும் இடத்துக்கு. ஆய்வேட்டில் யாரும் படிக்காத அந்தக் கடைசி முப்பது பக்கத்துக்காக எத்தனை பேருக்கு வியர்க்கிறது என்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! நிபந்தனை இரண்டே இரண்டு. "யார் பேரையும் எழுதக் கூடாது. ஃபேன் சுவிட்சைத் தொடக் கூடாது." இரண்டாவது எதற்கு என்று அப்போது புரியவில்லை.

சொன்னவர் அக்கா. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அக்கா, ஓய்வுபெறும் வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்த ஒரு பேராசிரியர்கூட "அக்கா, என் ஃபைல்..." என்றுதான் ஆரம்பிக்கிறார். அறையில் இரண்டு கணினிகள், இரண்டின் மானிட்டரிலும் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. யாரோ ஒருவருடைய நான்காம் இயல் டீ கிளாஸ்களுக்குத் தட்டாகியிருக்கிறது. சுவரில் ஏ4 தாளில் கொட்டை எழுத்தில் மூன்று அறிவிப்புகள். 'எட் ஆல்: எட்-க்குப் புள்ளி கிடையாது, ஆல்-க்கு உண்டு.' 'வருஷம் இல்லாமல் வராதீர்கள்.' மூன்றாவது, சிவப்பு மையில்: 'கைடு சொன்னால் சரி.'

அக்கா இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஒரு கம்பெனியில். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்குப் பக்கம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனிகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய உண்டு. எங்கோ ஒரு ஐரோப்பியப் பேராசிரியர் விட்டுவிட்ட காற்புள்ளியை இங்கே ஒரு பெண் நைட் ஷிப்டில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருப்பார். அக்கா பல வருஷம் அப்படிப் போட்டவர். குழந்தை பிறந்ததும் நைட் ஷிப்டை விட்டார், காற்புள்ளியை விடவில்லை.

முதல் ஆள் வந்தாயிற்று. மருத்துவ மேற்படிப்பு மாணவர், டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார், கழுத்தில் ஸ்டெத் இன்னும் தொங்குகிறது. "வான்கூவரா, ஏபிஏ-வா?" அக்கா கேட்டது சாம்பாரா ரசமா என்று கேட்கிற தொனியில்! 1978-ல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடி, கட்டுரைகள் இப்படி வந்தால் போதும் என்று பேசி முடித்தார்கள். அந்தக் கூட்டத்தின் பெயரே அந்த முறைக்கு ஒட்டிக்கொண்டது. இதில் ஆசிரியர் பெயரெல்லாம் வாக்கியத்துக்கு நடுவே வராது, வெறும் எண்தான். எதை முதலில் சுட்டினீர்களோ அது 1, அடுத்தது 2.

கேட்க எவ்வளவு சுலபம்! தம்பியின் கைடு நேற்று ராத்திரி போன் செய்து, "முன்னுரையில ஒரு முக்கியமான பேப்பரை விட்டுட்ட" என்றிருக்கிறார். அது நான்காவதாக நுழைந்தது. பழைய 4 ஐந்தாயிற்று, பழைய 5 ஆறாயிற்று, கடைசிவரை எல்லாம் ஒரு படி நகர வேண்டும். ஸொட்டெரோ போன்ற மென்பொருள் இருந்தால் தானே நகர்ந்துவிடும். தம்பியிடமும் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் பாதி எண்களை அவரே கையால் அடித்திருக்கிறார். பாதி நகர்ந்தது, பாதி நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது பக்கம் 22-ல் சர்க்கரை நோய் பற்றிய வரிக்கு ஆதாரமாக நிற்பது கண்புரை பற்றிய கட்டுரை.

"எந்த எண் நீங்க அடிச்சது, எது மெஷின் போட்டது?"

"தெரியலக்கா."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கர்சரை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்துப் பார்க்கிறார். சாம்பல் நிறம் படர்ந்தால் மெஷின், படராவிட்டால் தம்பி. படராததை எல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டே போனார். திரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. தம்பி மெதுவாக ஸ்டெத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதற்குள் அடுத்த நாற்காலியில் உளவியல் மாணவி. இவர் ஏபிஏ. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை. 1929-ல் ஓர் ஆய்விதழில் ஏழு பக்கக் குறிப்பாக ஆரம்பித்தது, இன்று தடிப் புத்தகம். 2019-ல் வந்த ஏழாம் பதிப்பு, பதிப்பகம் எந்த ஊரில் இருக்கிறது என்று இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாணவி சந்தோஷமாக எல்லா ஊரையும் நீக்கிவிட்டார். கைடு ஆறாம் பதிப்பில் வளர்ந்தவர். "ஊர் எங்கே?" என்று வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். புறத்தேர்வாளரோ ஏழாம் பதிப்புக்காரர் என்று தகவல்.

அக்காவிடம் இதற்கும் மருந்து இருக்கிறது. ஒரே பட்டியலுக்கு இரண்டு ஃபைல். ஒன்றில் நியூயார்க் உண்டு, மற்றதில் இல்லை. "கைடு கையெழுத்துப் போடற வரைக்கும் நியூயார்க் இருக்கட்டும். அப்புறம் எடுத்துடலாம். லண்டனையும் சேர்த்துத்தான்." முன்னறையிலிருந்து பைண்டிங் அண்ணன் குரல் கொடுக்கிறார்: "டில்லியை விட்டுடாதம்மா, அவங்க கோவிச்சுப்பாங்க!"

கொஞ்சம் குனிந்து திரையைப் பாருங்கள், இதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அக்கா 200 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பது ஒரே ஒரு வரி. இதழின் பெயர் சாய்வெழுத்து. அதன் பின்னால் வரும் காற்புள்ளியும் சாய்வு. தொகுதி எண் சாய்வு. உடனே ஒட்டிக்கொண்டு வரும் அடைப்புக்குறியும் அதற்குள் இருக்கும் இதழ் எண்ணும் நேர். இந்தத் திறப்பு அடைப்புக்குறி சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? நான் மூக்கு திரையில் உரசும் வரை பார்த்தேன், தெரியவில்லை. "சாஞ்சிருக்கு" என்றார் அக்கா, நாற்காலியில் சாய்ந்தபடியே. ஒரு தட்டு. நிமிர்ந்தது. அப்போதுதான் எனக்கும் தெரிந்தது!

ஏபிஏ-வில் இன்னொரு வேடிக்கை. 20 ஆசிரியர்கள் வரை எல்லோர் பெயரையும் போட வேண்டும். 21 ஆனால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆள். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அந்த மூன்று புள்ளிக்குள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் அடங்கிவிடுவார்கள் என்று நான் சொன்னதும், உளவியல் மாணவி தன் பட்டியலைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கதவருகே ஒரு சலசலப்பு. "எம்.எல்.ஏ. ஃபைல் வந்திருக்கா பாரு" என்று அக்கா கத்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் கையில் இருந்த பசை பிரஷ்ஷைக் கீழே போட்டு எழுந்து நின்றுவிட்டான். சட்டமன்ற உறுப்பினர் விடுதி இருப்பது பக்கத்தில் என்பதால் அவனைக் குறை சொல்ல முடியாது. வந்தது ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவரின் பென் டிரைவ். இந்த எம்.எல்.ஏ. மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷனின் மேற்கோள் முறை என்று பாவம் அவனுக்கு யார் சொல்வது?

டீ வந்தது. டீ நேரத்துக்கென்றே நான் ஒரு கதை வைத்திருந்தேன். வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர், ஆண்டு என்று போடுகிறோமே, அதை ஹார்வர்ட் முறை என்பார்கள். ஹார்வர்டில் விலங்கியல் பார்த்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்பவர் 1881-ல் எழுதிய கட்டுரையில்தான் அது முதலில் வந்ததாகக் கருதுகிறார்கள். எதைப் பற்றிய கட்டுரை? ஓடில்லாத தோட்டத்து நத்தையின் முட்டையைப் பற்றியது! "நத்தையா?" என்று அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதான் இந்த வேலை இவ்வளவு மெதுவாப் போகுது!"

டீ முடிந்ததும் ஒரு பொறியியல் மாணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சொந்தக் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சுட்டியிருக்கிறார். பட்டியலில் அவர் பெயரையே காணோம், அப்பா பெயர் இருக்கிறது. நம் ஊரில் குடும்பப்பெயர் ஏது? பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார். மென்பொருளுக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர். அப்பா முழுசாக முன்னால் வந்து உட்கார்ந்தார், மகன் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் போனார். "ஊர்ல அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்க்கா. உங்க பேர்ல ஒரு ரிசர்ச் பேப்பர் வந்திருக்குன்னு. 'நான் எப்படா எழுதினேன்?'ங்கறார்."

அறையே அதிர்ந்தது. அக்கா மட்டும் பல தடவை பார்த்த முகத்தோடு சொன்னார்: "அப்பா வந்தாப் பரவாயில்லை. உ.வே.சா. நூலை இங்கிலீஷ்ல ஏத்தினா மெஷின் என்ன போடும் தெரியுமா? ஐயர், யு.வி.எஸ். சாமிநாதன் காணாமப் போயிடுவார், ஜாதி ஆசிரியரா உட்கார்ந்துக்கும்." இப்படிப்பட்ட பெயர்களுக்கென்று அக்கா ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டு. அதில் எந்தப் பேராசிரியருக்கு எது சொந்தப் பெயர், எது தந்தை பெயர், எது கணவர் பெயர், எது ஊர் என்று பென்சிலில் குறித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு பெயரில் கட்டுரை எழுதியவர்களுக்கு நடுவே ஓர் அம்புக்குறி.

மேற்கோள்கள் இந்த அறைக்கு எந்த வடிவத்தில் எல்லாம் வந்து சேருகின்றன என்று பாருங்கள். நூலகத்தில் எடுத்த மங்கலான செல்போன் படங்கள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், "அந்தப் பச்சை அட்டைப் புத்தகம்" என்று தொடங்கும் குரல் செய்தி. ஜெராக்ஸ் எடுத்தவர்கள் தமக்கு வேண்டிய பக்கத்தை எடுத்திருப்பார்கள். ஆண்டு இருக்கும் பக்கத்தை மட்டும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அக்கா தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தலைப்புப் பக்கத்தைத் தேடுவார். கிடைக்கவில்லையா, கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கடி போகும் மாணவர் யாராவது சிக்குவார்களா என்று போனில் தேடுவார்.

பழைய நூலானால் கூத்து வேறு மாதிரி. ஒரு மாணவி படம் எடுத்துவந்த தலைப்புப் பக்கத்தில் 'ஜய வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிற கணக்கு ஆயிற்றே! 1894-ஆ, 1954-ஆ? அக்கா, மாணவி, பைண்டிங் அண்ணன் மூவரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அண்ணன்தான் தீர்த்துவைத்தார். மூலையில் விலை போட்டிருந்தது, அணாக் கணக்கில். "1954-லயும் அணா இருந்துச்சே" என்றார் அக்கா. அண்ணன் மேல்வரியைக் காட்டினார்: ஒரு ஜமீன்தாரின் பொருளுதவியால் அச்சிடப்பட்டது. "1954-ல ஜமீன் எங்கம்மா இருந்துச்சு?" அக்கா 1894 என்று அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்தார். மாணவி நாளைக்கு நூலகத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இப்போது ஃபேன் ரகசியத்துக்கு வருவோம். தமிழ்த்துறை மாணவி ஒருவரின் துணைநூற்பட்டியலை அகரவரிசைப்படுத்த வேண்டும். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஆகாதா என்று அப்பாவியாகக் கேட்டேன். ஆகாது! அவர் தட்டச்சு செய்தது பழைய எழுத்துருவில். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. வரிசைப்படுத்தச் சொன்னால் கெ, செ, பெ, மெ எல்லாம் தத்தம் வீட்டை விட்டுவிட்டுக் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் கூடிவிடும். யூனிகோடுக்கு மாற்றினாலும் முழு நிம்மதி இல்லை. அதன் எண் வரிசையில் ந-வை அடுத்து ன வந்துவிடும், வ-வுக்கு முன்னால் ள, ழ வந்துவிடும். ஜெயகாந்தன் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே நிற்பார்.

அதனால் அக்கா அச்சடித்து, கத்தரித்து, ஒவ்வொரு நூலையும் ஒரு காகிதத் துண்டாக்கித் தரையில் பரப்பிவிடுகிறார். ஃபேன் ஓடினால் தமிழ் இலக்கியம் பறந்து போய்விடும். கதவும் சாத்தியாயிற்று. சென்னைப் புழுக்கத்தில் அக்கா, மாணவி, நான் மூன்று பேரும் முழங்காலிட்டு, வியர்வை சொட்டிவிடாமல் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, க வரிசை, ச வரிசை என்று அடுக்குகிறோம். மு. வரதராசன் மு-வுக்குப் போகக் கூடாது, வ-வுக்குப் போக வேண்டும். கி. ராஜநாராயணன் ரா. தொல்காப்பிய உரை வந்தபோது சண்டை. தொல்காப்பியரை முன்னால் போடுவதா, இளம்பூரணரையா? மாணவியின் கட்சி இளம்பூரணர், ஏனென்றால் மேற்கோள் அவர் உரையிலிருந்து. அக்கா சுவரைக் காட்டினார். சிவப்பு மை. கைடுக்கு வாட்ஸ்அப் போயிற்று. பதில் வரும் வரை இருவருமே ஜன்னல் விளிம்பில் டம்ளருக்கு அடியில் காத்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் நீளமான துண்டு எது தெரியுமா? திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். 1920-ல் தொடங்கிய பதிப்பகம். தமிழ் ஆய்வேடு எதைப் பிரித்தாலும் அநேகமாக இருக்கும். பெயரே இரண்டு வரி போகிறது.

இதே மாணவிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அடிக்குறிப்பில் ஒரே நூலை அடுத்தடுத்துச் சுட்டினால் 'மேலது' என்று போட்டுப் பக்க எண் கொடுப்பது வழக்கம். இவரும் போட்டிருக்கிறார். பிறகு ஒரு பத்தியைத் தூக்கி வேறு இயலில் வைத்திருக்கிறார். மேலது மேலே பார்த்தது, அங்கே இருந்தது வேறு நூல். விளைவு, நச்சினார்க்கினியர் சொன்னதெல்லாம் 'சிவகாமியின் சபதம்' கணக்கில் ஏறிவிட்டது! "கடைசி நாள் வரைக்கும் மேலதுன்னு எழுதாதீங்கம்மா" என்று அக்கா கெஞ்சுகிறார். "முழுப் பேரையும் அடிச்சுக் கொண்டாங்க, நான் மேலது ஆக்கித் தரேன்."

நச்சினார்க்கினியர் இதைக் கேட்டால் புன்னகைப்பார். அவரே பல இடங்களில் எந்த நூலிலிருந்து எடுத்தேன் என்று சொல்லாமல் அடிகளைக் கோத்துவிட்டுப் போனவர்தான். 1887-ல் அவர் உரையோடு சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் உ.வே.சா. அந்த அடிகளின் ஊர் பேர் தேடி ஏடு ஏடாக அலைந்தார்.

இருட்டிய பிறகு வந்த ஒருவரைப் பற்றி மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். பட்டியல் அவ்வளவு அழகு. புள்ளி, காற்புள்ளி, சாய்வு எதிலும் குறை இல்லை. அக்காவுக்கு அதுதான் சந்தேகம். "இவ்வளவு சுத்தமா மனுஷன் அடிக்க மாட்டான்." ஒரு கட்டுரையின் டிஓஐ இணைப்பைத் தட்டினார். திறக்கவில்லை. அடுத்தது திறந்தது, ஆனால் அது மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை. இவர் ஆய்வோ வங்கிக் கடன். மூன்றாவதில் இதழ் உண்டு, தொகுதி உண்டு, அந்தப் பக்கத்தில் வேறு யாரோ. ஏஐ பெற்றெடுத்த பேய்க் கட்டுரைகள்! 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இரண்டு பேர் சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கிக்கொண்டார்கள். இங்கே அபராதமெல்லாம் இல்லை. வந்தவர் அண்ணாந்து, ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பட்டியலை அச்சடித்து, இருப்பதற்கு டிக், இல்லாததற்குப் பெருக்கல் குறி போட்டுக் கையில் கொடுத்தார். "நீங்க நிஜமாப் படிச்சது எதுன்னு வீட்ல உட்கார்ந்து எழுதிட்டு வாங்க தம்பி. பத்து இருந்தாலும் போதும். நான் நல்லாப் போட்டுத் தரேன்." திட்டவே இல்லை. அவர் போன பிறகு மட்டும் தண்ணீர் குடித்தார்.

கடைசியாக வந்தவர் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய தமிழ் மாணவி. கருத்துத் திருட்டைப் பிடிக்கும் ஒப்புமைச் சோதனையில் சதவீதம் எகிறிவிட்டதாக அழுகை. 2018-ன் யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை கவலையில்லை, துணைநூற்பட்டியலை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இவர் பட்டியலோடு சேர்த்து ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்லி ஆறுதல்படுத்திக்கொண்டே அக்கா பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினார். சட்டென்று நின்றார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

திரையில்: 'நூற்பதிப்புக் கலகம்'.

"எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க?"

"ஷோத்கங்கா இணையதளத்திலேர்ந்துக்கா. ஒரு பழைய ஆய்வேட்டுல பட்டியல் இருந்துச்சு, நல்லா இருந்துச்சு, அப்படியே..."

அந்தப் பழைய ஆய்வேடு இந்த அறையில், இதே விசைப்பலகையில் தட்டச்சானது. அக்கா வேலை ஆரம்பித்த புதிதில். அப்போது யார் கண்ணிலும் படாமல் தங்க எழுத்து அட்டைக்குள் புகுந்து, பல்கலைக்கழகம் போய், இணையத்தில் ஏறி, எங்கோ ஒரு மாவட்டத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறது. "இது என் கலகம்மா!" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைண்ட்-ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்தார். ல-வை எடுத்து ழ-வைப் போட்டார். மாற்றியாயிற்று என்று கணினி எண்ணிக்கை காட்டியது.

"பதினோரு இடம்!"

"சென்சுரி அடிக்கிறதுக்குள்ள பிடிச்சிட்டீங்க" என்றார் பைண்டிங் அண்ணன், பசைச் சட்டியை மூடிக்கொண்டே.